பச்சைத் தோலும் லிட்டர் எடையும்

போடிநாயக்கனூரில் ஏலக்காய் வாங்க வருபவரின் கண் முதலில் நிறத்தில்தான் விழும். ஆனால் நிறத்தை மட்டும் நம்பி யாரும் விலை சொல்வதில்லை. மாதிரிக் காயை உள்ளங்கையில் கொட்டி உருட்டுவார், மூக்கருகே கொண்டுபோவார், ஒன்றிரண்டைப் பிதுக்கி, ஏலரிசி கறுத்து நிறைந்திருக்கிறதா என்று பார்ப்பார். இதற்கெல்லாம் மேலே ஒரு கணக்கு உண்டு. அதன் பெயர் லிட்டர் எடை. ஒரு லிட்டர் பாத்திரத்தில் காயை நிரப்பினால் எத்தனை கிராம் நிற்கிறது என்பதுதான் அது. அக்மார்க் தரவரிசையில் ‘ஆலப்புழை பச்சை எக்ஸ்ட்ரா போல்டு’ எனப்படும் உயர்தரக் காய் 7 மில்லிமீட்டர் சல்லடையில் நிற்க வேண்டும். லிட்டருக்கு 435 கிராம் எடையும் இருக்க வேண்டும். தோல் எவ்வளவு பச்சையாக மினுங்கினாலும் உள்ளே அரிசி சூம்பியிருந்தால் தராசு காட்டிக் கொடுத்துவிடும்.

சிறு நகரத்துக் கடைகள் வரைக்கும் இப்போது மினுங்கும் உறையில் இன்னொரு சரக்கு வந்துவிட்டது: மாவுச்சத்து குறைவு என்று சொல்லி விற்கும் பார். ‘லோ கார்ப்’, ‘கீட்டோ’, ‘சர்க்கரை சேர்க்காதது’, ‘நெட் கார்ப் 3 கிராம்’ என்று உறைக்கு உறை ஒரு வாசகம். பார் என்றதும் டாஸ்மாக்கை நினைப்பவர்களுக்கு, இது வேறு பார். ஒரு சாண் நீளம்கூட வராத, 35 முதல் 60 கிராம் எடையுள்ள தின்பண்டம்; கடலை மிட்டாய்க்குப் பட்டணத்துப் பங்காளி. விலையோ கடலை மிட்டாயைப் போலப் பல மடங்கு. ஒரு பாருக்குக் கொடுக்கும் காசில் கால் கிலோ வறுகடலையாவது வாங்கிவிடலாம். அப்படியிருக்க, அதைத் தின்பதில் பயன் உண்டா என்று கண்டுபிடிக்க இங்கேயும் ஒரு லிட்டர் எடை தேவைப்படுகிறது. உறையின் முன்பக்கம் தோல். தராசு பின்பக்கத்தில் இருக்கிறது.

பாகுக்கு இரண்டு வேலை

கடலை மிட்டாயில் வெல்லப்பாகு இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று இனிப்பு, மற்றது பிடிப்பு. பதம் முந்தினால் மிட்டாய் பிசுபிசுக்கும். பிந்தினால் பல் தெறிக்கும். 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயின் கீர்த்தியில் பெரும்பங்கு அந்தப் பதத்துக்குச் சேரும். மாவுச்சத்தைக் குறைப்பதற்காக வெல்லத்தை வெளியே அனுப்பினால், அது விட்டுப்போன இரண்டு வேலைக்கும் ஆள் பிடிக்க வேண்டும்.

தொழிற்சாலைகள் பிடித்த முதல் ஆள் சர்க்கரை ஆல்கஹால். மால்டிடால், சார்பிட்டால், சைலிட்டால், எரித்ரிட்டால் எல்லாம் இந்தக் குடும்பம். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதை கிடையாது. மூலக்கூறின் அமைப்பால் வந்த பெயர் அது. இனிப்பையும் பருமனையும் இவை கவனித்துக்கொள்கின்றன. இரண்டாவது ஆள் நார்ச்சத்துப் பாகு: சிக்கரி வேரிலிருந்து எடுக்கும் இன்யூலின், பாலிடெக்ஸ்ட்ரோஸ், ஐசோமால்டோ ஆலிகோசாக்கரைடு போன்றவை. சுருக்கமாக ஐஎம்ஓ எனப்படும் கடைசிப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது, பின்னால் வேலை இருக்கிறது. மூன்றாவது ஆள் கிளிசரின். பார் காய்ந்து கட்டையாகாமல் மெத்தென்று இருப்பது அதன் தயவு. இவற்றோடு பால் புரதமோ சோயா புரதமோ, பாதாமோ வேர்க்கடலையோ, கோகோவோ பாமாயிலோ சேரும். இனிப்பு போதாத இடத்தை ஒரு சிட்டிகை சுக்ரலோஸ் நிரப்பும்.

வேடிக்கை என்னவென்றால், வெல்லத்தின் இடத்தில் வந்து உட்கார்ந்த சர்க்கரை ஆல்கஹால், நார்ப்பாகு, கிளிசரின் மூன்றும் சத்து அட்டவணையில் மாவுச்சத்து வரிசையிலேயே எண்ணப்படுகின்றன. அதனால் பின்பக்கத்தில் ‘மொத்த மாவுச்சத்து 20 கிராம்’ என்று அச்சாகியிருக்கும் அதே பாரின் முன்பக்கத்தில் ‘3 கிராம்’ என்று பெரிய எழுத்தில் மின்னுகிறது. மீதி 17 கிராம் எங்கே போனது?

கழித்தல் கணக்கு

கழித்தல் கணக்கு ஏல மலைக்குப் புதிதல்ல. தோட்டத்தில் பறித்த பச்சைக்காய் ஐந்து கிலோ, ‘ஸ்டோர்’ எனப்படும் உலர்கூடத்தில் வெப்பம் ஏற்றி உலர்த்தினால் ஏறக்குறைய ஒரு கிலோவாகச் சுண்டிவிடும். போனது தண்ணீர், அது திரும்பி வராது. பார் தயாரிப்பவர்களின் கழித்தலும் இப்படித்தான் தோன்றும்: மொத்த மாவுச்சத்தில் நார்ச்சத்தைக் கழி, சர்க்கரை ஆல்கஹாலைக் கழி, மிஞ்சுவது ‘நெட் கார்ப்’. கழிக்கப்பட்டவை ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றாது என்பது இதன் அடிப்படை நம்பிக்கை.

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடும் முறைக்கு அமெரிக்காவில் பெரும் கூட்டம் சேர்த்தவர் ராபர்ட் அட்கின்ஸ் என்ற இதய மருத்துவர். அவருடைய உணவுமுறை நூல் 1972-இல் வெளிவந்தது. 2003, 2004-இல் அந்த மோகம் உச்சத்துக்குப் போனபோது பார்களும் பெருகின. மோகம் வடிந்ததும், அவர் பெயர் தாங்கிய நிறுவனமே 2005-இல் திவால் பாதுகாப்புக் கோர வேண்டியதாயிற்று. நிறுவனம் தள்ளாடினாலும் கழித்தல் கணக்கு பிழைத்துக்கொண்டது. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ‘நெட் கார்ப்’ என்ற சொல்லுக்கு இன்றுவரை சட்ட வரையறை தரவில்லை. இந்தியாவிலோ, உணவு விளம்பர வாசகங்களுக்கான 2018-ஆம் ஆண்டு விதிகளில் வேறு பல சொற்களுக்கு அளவு உண்டு. திட உணவு 100 கிராமில் சர்க்கரை 5 கிராமுக்கு மேற்படாவிட்டால் ‘குறைந்த சர்க்கரை’, அரை கிராமுக்கு மேற்படாவிட்டால் ‘சர்க்கரை இல்லாதது’, நார்ச்சத்து 6 கிராமாவது இருந்தால் ‘அதிக நார்ச்சத்து’. ‘நெட் கார்ப்’புக்கு அப்படியொரு படி அளக்கப்படவில்லை.

கணக்கே பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. எரித்ரிட்டால் குடலில் உறிஞ்சப்பட்டு, பெரும்பாலும் மாறாமலே சிறுநீரில் வெளியேறுகிறது, கிராமுக்கு 0.2 கலோரிதான். அதைக் கழிப்பது நியாயம். மால்டிடால் அப்படியல்ல. அதில் ஒரு பகுதி செரித்துக் குளுக்கோஸாக ரத்தத்தில் சேர்கிறது. குளுக்கோஸை 100 என்று வைத்து, ரத்தச் சர்க்கரை ஏறுவதை அளக்கும் கிளைசமிக் குறியீட்டில் வீட்டுச் சர்க்கரை 65 என்றால், மால்டிடால் 35. மால்டிடால் பாகு வகையைப் பொறுத்து 52 வரைக்கும் போகும். சர்க்கரையில் பாதிக்குக் குறையாத வேகம் உள்ள ஒன்றை முழுதாகக் கழித்துக் காட்டுவது, ஈரக்காயைக் காய்ந்த காய் என்று எடை போடுவதற்குச் சமம்.

நினைவில் வைக்கச் சொன்ன ஐஎம்ஓ-வின் கதை இன்னும் சுவையானது. இது நார்ச்சத்து என்ற பெயரில் பல ஆண்டுகள் பார்களை ஒட்டிப் பிடித்தது. நார்ச்சத்து என்றால் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போக வேண்டும். ஐஎம்ஓ கொடுத்து ரத்தத்தைச் சோதித்தபோது குளுக்கோஸ் ஏறியது. அதில் கணிசமான பகுதி வழியிலேயே செரித்துவிடுகிறது என்று தெரிந்தது. 2018-இல் அமெரிக்க நிர்வாகம் நார்ச்சத்தாக ஏற்றுக்கொண்ட கூடுதல் பொருள்களின் பட்டியலில் இன்யூலின் இருந்தது, பாலிடெக்ஸ்ட்ரோஸ் இருந்தது, ஐஎம்ஓ இல்லை.

செரிக்காமல் மிஞ்சும் மால்டிடாலும் சும்மா இருப்பதில்லை. பெருங்குடலுக்குள் தண்ணீரை இழுக்கும்; அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவைக் கிளப்பும். சர்க்கரை ஆல்கஹால் மிகுந்த உணவுகளின் உறையில் ‘பேதியாகக் கூடும்’ என்ற எச்சரிக்கையை இந்திய விதிகள் கேட்பது இதனால்தான். போடியிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டு மால்டிடால் பார்களைத் தின்றுவிட்டு அதில் பேருந்து ஏறுகிறவருக்கு அந்த எச்சரிக்கை பத்தாவது வளைவிலேயே விளங்கிவிடலாம்.

நாற்பதுக்கு நாற்பது

ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 40 கிராம் எடையுள்ள ஒரு பார் என்று வைத்துக்கொள்வோம். மொத்த மாவுச்சத்து 20 கிராம். அதில் நார்ச்சத்து 8, மால்டிடால் 9. புரதம் 10 கிராம், கொழுப்பு 8 கிராம். முன்பக்கம் சொல்வது ‘நெட் கார்ப் 3’. அந்த நார்ச்சத்து ஐஎம்ஓ-விலிருந்து வந்து, அதில் பாதி செரிக்கிறது என்று கொண்டால் 4 கிராம் திரும்பி வரும். மால்டிடாலிலும் பாதி என்றால் இன்னொரு 4½. ஆக 3 என்பது 11, 12 கிராமாகிறது. அதே பாரில் எரித்ரிட்டாலும் இன்யூலினும் இருந்திருந்தால் 3 என்பது ஏறக்குறைய 3-ஆகவே நின்றிருக்கும். உறையின் முகப்பு இரண்டுக்கும் ஒன்றுதான்.

இப்போது தராசின் மறுதட்டில் 40 கிராம் கடலை மிட்டாய். ஐந்தில் மூன்று பங்கு கடலை, இரண்டு பங்கு வெல்லம் என்று கொண்டால், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட அட்டவணைப்படி அதில் செரிக்கும் மாவுச்சத்து 18 கிராம் அளவில் வரும். புரதம் 6 கிராமுக்குச் சற்றுக் குறைவு. கலோரி ஏறக்குறைய 180. பாரின் கலோரி 160-ஐ ஒட்டி. மூன்றுக்குப் பதினெட்டு என்று உறை காட்டிய பெரிய பள்ளம், பன்னிரண்டுக்குப் பதினெட்டு என்று தூர்ந்துவிடுகிறது. கலோரியில் இருவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம். பாருக்கு மிச்சம் இருக்கும் மெய்யான பெருமை, கூடுதல் புரதம் 4 கிராம்.

தட்டில் மூன்றாவதாக ஒரு கைப்பிடி வெறும் வறுகடலையை வைத்தால் ஆட்டம் மாறுகிறது. 30 கிராம் வேர்க்கடலையில் செரிக்கும் மாவுச்சத்து 5 கிராம், நார்ச்சத்து 3, புரதம் 7, கலோரி ஏறக்குறைய 155. இதில் எதையும் கழிக்க வேண்டியதில்லை. கடலை மிட்டாயிலிருந்து வெல்லத்தை எடுத்துவிட்டால் உலகின் மிக எளிய லோ கார்ப் தின்பண்டம் கிடைத்துவிடுகிறது. பிடிப்பு இல்லை, அதனால் பார் வடிவம் வராது. வாடிக்கையாளர் கூடுதலாகக் கொடுக்கும் காசில் பெரும்பகுதி அந்த வடிவத்துக்கும் உறைக்கும் போகிறது.

மலையில் மூன்று பேர்

தின்பண்டத்தை அளந்தாயிற்று. தின்பவரையும் அளக்க வேண்டும்.

ஆகஸ்ட் முதல் ஜனவரி வரை நீளும் காய்ப்பறிப்புக் காலத்தில், விடிவதற்கு முன்பே போடிப் பக்கத்து ஊர்களிலிருந்து ஜீப்புகள் கிளம்பி இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறுகின்றன. பெரும்பாலும் பெண்கள். மடியில் தூக்குவாளி, அதில் சோறு, குழம்பு. ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே தொங்காது. தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படரும் சரங்களில் காய்க்கும். ஆகவே நாள் முழுக்கக் குனிந்தும் குந்தியும் சரிவில் நகர்ந்தும் பறிக்க வேண்டும். உட்கார்ந்து வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 1,660 கலோரி, கடும் உழைப்புள்ள பெண்ணுக்கு 2,720 கலோரி என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கு. இடைவெளி ஆயிரத்துக்கும் மேல். உழைக்கும் தசை, இன்சுலின் வந்து கதவு திறக்கும்வரை காத்திராமல் ரத்தத்திலிருந்து குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சர்க்கரை நோய் இல்லாத இந்தப் பெண்ணிடம் லோ கார்ப் பாரை நீட்டுவது, விறகு கேட்ட அடுப்புக்கு ஊதுபத்தி கொடுப்பது போல. அவர் தூக்குவாளியில் குறைவது புரதம். ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் மொச்சையோ சுண்டலோ கூடினால் போதும்.

அவர் பறித்த காய் கீழே இறங்கி ஸ்பைசஸ் போர்டின் மின்னணு ஏல மையத்துக்கு வருகிறது. அங்கே கணினிக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்து விலை ஏற்றும் வியாபாரி இரண்டாமவர். நடை குறைவு; டீ நிறைய. டீக்கு இரண்டு தேக்கரண்டி சர்க்கரை என்றால் 10 கிராம். நாலு டீயில் 40. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ‘இந்தியாப்’ (INDIAB) ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் அது 14.4 சதவீதம். பாருக்கு நியாயமான வாடிக்கையாளர் என்றால் இவர்தான். நாலு மணிப் பசிக்கு பன்னும் பிஸ்கட்டும் தின்று வந்தவர், நல்ல பொருள்களால் ஆன ஒரு பாருக்கு மாறினால் லாபமே. ஆனால் சர்க்கரை போட்ட டீயைக் குறைக்காமல் பாரைச் சேர்த்துக்கொண்டால், மேலும் 160 கலோரிதான் கணக்கில் ஏறும்.

மூன்றாமவர் குரங்கணியிலிருந்து மலையேற வரும் வெளியூர் இளைஞர். செங்குத்தான ஏற்றத்தில் தசைக்கு வேகமாகக் கிடைக்கும் எரிபொருள் மாவுச்சத்துதான். அவர் பையில் வாழைப்பழமும் கடலை மிட்டாயும் இருந்தால் கால் தளராது. ‘நெட் கார்ப் 3’ என்ற விளம்பரம், ஏறுகிறவனுக்கு ஒரு குறையைப் பெருமையாகச் சொல்வது போல.

சென்னையில் பார்த்தது

பாருக்கு உள்ளே இருக்கும் கொட்டைகளைப் பற்றித் தமிழ்நாட்டிலேயே நல்ல சான்று இருக்கிறது. சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ள 300 பேரைச் சீட்டுக் குலுக்கியது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 12 வாரங்கள் தினமும் 30 கிராம் முந்திரி கொடுத்தார்கள். 2018-இல் வெளியான முடிவு: முந்திரி தின்றவர்களின் மேல் ரத்த அழுத்தம் குறைந்தது, நல்ல கொலஸ்ட்ரால் கூடியது, உடல் எடை கூடவில்லை. கொட்டை என்றாலே கொழுப்பு என்று ஒதுக்கிய பலருக்கு இது வியப்பு. சோதிக்கப்பட்டது வெறும் முந்திரி. முந்திரி ஒட்டிய பார் அல்ல.

அதே அறக்கட்டளையின் பங்கோடு நடந்த நாடு தழுவிய ஆய்வு 2025-இல் இன்னொரு எண்ணைத் தந்தது. இந்தியர்களின் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. அதிலும் பெரும்பகுதி வெள்ளை அரிசி, மாவு, சர்க்கரை. மாவுச்சத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பருப்பு, பால் புரதத்தை வைத்தவர்களிடம் சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறைவாகக் காணப்பட்டது. அரிசிக்குப் பதில் கோதுமை, சிறுதானியம் என்று மாற்றி மொத்த அளவைக் குறைக்காவிட்டால் அந்தப் பலன் தெரியவில்லை.

இந்த எண்ணை வியாபாரியின் இலையில் வைத்துப் பார்க்கலாம். 1,660 கலோரியில் 62 சதவீதம் என்றாலே மாவுச்சத்து 250 கிராமைத் தாண்டும். கடலை மிட்டாயை விட்டு பாருக்கு மாறினால் மிச்சமாவது, மேலே போட்ட கணக்குப்படி, 6 கிராம். மிக நல்ல பாராக இருந்தால் 15. மதியம் ஒரு கரண்டிச் சோற்றை, அதாவது 100 கிராமைக் குறைத்தாலே 28 கிராம் மிச்சம். காசும் மிச்சம்.

பின்பக்கத்தைப் படிக்கும் முறை

அப்படியும் பார் வாங்க வேண்டிய நாள் வரும். ரயிலிலோ பேருந்திலோ வேறு எதுவும் கிடைக்காத இடத்தில் அது கைகொடுக்கும். அப்போது ஏல வியாபாரியைப் போலப் பிரித்துப் பார்க்கலாம்.

பொருள் பட்டியலில் எடை அதிகமுள்ளது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதல் மூன்று பெயர்களில் கடலை, பாதாம், பருப்பு, பால் புரதம் நின்றால் அரிசி நிறைந்த காய். பாகும் எண்ணெயும் முன்னால் நின்றால் சூம்பிய காய். தேன், பேரீச்சம்பழப் பாகு, வெல்லம் என்று எந்த நல்ல பெயரில் வந்தாலும் ரத்தத்துக்குச் சர்க்கரையே.

இந்திய உறைகளில் இனிப்புப் பொருள்கள் பல நேரம் ஐஎன்எஸ் எனப்படும் உணவுச் சேர்க்கைப் பொருள் எண்ணாக ஒளிந்திருக்கும். 965 மால்டிடால், 420 சார்பிட்டால், 967 சைலிட்டால், 968 எரித்ரிட்டால், 422 கிளிசரின், 1200 பாலிடெக்ஸ்ட்ரோஸ், 955 சுக்ரலோஸ். 965 கண்ணில் பட்டால் ‘நெட் கார்ப்’ எண்ணோடு அந்த மால்டிடாலில் பாதியைக் கூட்டிக்கொள்ள வேண்டும். நார்ச்சத்து எதிலிருந்து வந்தது என்றும் தேட வேண்டும். ஐசோமால்டோ என்று தொடங்கினால் அதிலும் பாதியைக் கூட்டலாம். 968 ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் 2023-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, ரத்தத்தில் எரித்ரிட்டால் மிகுந்தவர்களிடம் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுதலாக இருந்ததைக் கண்டது. காரணம் அதுவேதான் என்று நிறுவப்படவில்லை. தினமும் பல பார் தின்பதற்கு ஊக்கமும் இல்லை.

அடுத்து 100 கிராம் கணக்கையும் ஒரு பரிமாறல் கணக்கையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 60 கிராம் பாரில் ‘ஒரு பரிமாறல் 30 கிராம்’ என்று அச்சடித்திருந்தால் எல்லா எண்களையும் இரண்டால் பெருக்க வேண்டும். பாதிப் பாரை மடித்து வைப்பவர்கள் அபூர்வம். கடைசியாக, விலையைப் புரத கிராமால் வகுத்து, அதே கணக்கைக் கடலைக்கும் முட்டைக்கும் போட்டால் மனம் தெளிந்துவிடும்.

தீர்ப்பு இவ்வளவுதான்: பன்னுக்கும் கிரீம் பிஸ்கட்டுக்கும் மாற்றாக, கொட்டையும் புரதமும் முன்னால் நிற்கும் ஒரு பார், உட்கார்ந்து வேலை பார்ப்பவருக்கு எப்போதாவது சரி. வறுகடலை, சுண்டல், முட்டை கைக்கெட்டும் ஊரில் தினசரிப் பழக்கமாக அதற்கு வேலை இல்லை. உழைப்பவருக்கும் மலையேறுபவருக்கும் அது பொருந்தாத சரக்கு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதப் பாரைத் தொடுமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

ஓர் ஆபத்து மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டியது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமெபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் ஏற்றத்தில் சர்க்கரை திடீரென இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, கண் இருளலாம். அந்த நேரத்தில் லோ கார்ப் பார் உதவாது. அதில் வேகமாக ஏறும் சர்க்கரை இல்லை. கடலை மிட்டாயும் தாமதம்தான், கடலையின் கொழுப்பு செரிமானத்தைப் பிடித்து இழுக்கும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் உட்கார்ந்து, மறுபடி சோதிக்க வேண்டும். குரங்கணிக்கோ போடிமெட்டுக்கோ கிளம்பும் அவர்கள் பையில் பார் இருக்கிறதோ இல்லையோ, ஒரு சர்க்கரைப் பொட்டலம் தனியாக இருக்கட்டும்.